பூஜ்யப் பிழைக்கு வெட்டிய கேக்

அலுவலகத்தில் அவளுக்கு கமென்ட் அக்கா என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதித் தரும் கம்பெனி அது. மற்றவர்கள் எழுதிய நிரலில் நிரல் மட்டும் இருக்கும். அக்கா எழுதினால் ஒவ்வொரு வரியின் வாலிலும் கமென்ட் என்று ஒரு குறிப்பு தொங்கும்: இதற்குள் எண் மட்டும், இதற்குள் எழுத்து மட்டும், இது காலியாகவும் வரலாம். வீட்டிலும் அப்படியே. ஃப்ரிட்ஜில் சீட்டு ஒட்டாத டப்பா கிடையாது. "எங்க அண்ணன் நெத்தி ஒண்ணுதான் பாக்கி" என்பாள் நாத்தனார். இந்தக் கம்பெனியின் மென்பொருளை வாங்கும் மருத்துவமனை ஒன்றில் குழந்தைகள் வார்டு நர்ஸ் அவள்; வாய்க்குப் பூட்டு போட்டுப் பழக்கமில்லாதவள்.

குறிப்பு எழுதுவது அக்காவுக்குப் பொழுதுபோக்கு அல்ல. கம்பெனியின் நிரல் பல்லுப்போன பழைய மொழி ஒன்றில் இருந்தது. எது எண், எது எழுத்து என்று நிரலுக்குள்ளேயே சொல்லிவைக்க அதில் வழியில்லை. கமென்டில்தான் சொல்ல வேண்டும். நிரல் ஓடும்போது கணினி அதைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் ஓடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படித்துப் பார்க்கும் சோதனைக் கருவி ஒன்று உண்டு. எண் என்று எழுதிய இடத்தில் எழுத்து வந்து உட்கார்ந்தால் அது ஊரைக் கூட்டும். குறிப்பில்லாத இடமென்றால் எட்டியும் பார்க்காது. அது கத்தக் கத்த அக்கா திருத்துவாள். இத்தனை வருஷம் அவள் வாங்கிய சம்பளத்தில் பாதி இந்தக் கத்தலைக் கேட்டதற்குத்தான்.

விற்பனைப் பிரிவிலிருந்து புதிதாக ஒரு மேனேஜர் வந்து சேர்ந்தார். அக்காவின் திரையைக் குனிந்து பார்த்தார்.

"இந்த வரி ஓடுமா?"

"ஓடாது சார்."

"ஓடாதது எதுக்கு இங்க உக்காந்திருக்கு?"

அக்கா பொறுமையாக விளக்கினாள். அவர் தலையாட்டினார். ஆட்டும் தலைக்கும் கேட்கும் காதுக்கும் அவர் உடம்பில் தொடர்பே கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று அக்கா லீவு போட்ட வாரத்தில், இருந்த கமென்டை எல்லாம் வழித்தெடுக்க மேனேஜரிடமிருந்து உத்தரவு போயிற்று. திரும்பி வந்தபோது மேசைமேல் கேக். க்ரீமில் பெரிய பூஜ்யம் போட்டிருந்தது.

"வாங்கக்கா, சரியான நேரத்துக்கு வந்தீங்க. பிழை பூஜ்யம். கம்பெனியிலயே முதல் தடவை" என்றார் மேனேஜர்.

அக்கா சோதனைக் கருவியின் அறிக்கையைப் படித்தாள். "சார், கீழ இன்னொரு வரி இருக்கு. சோதிச்ச இடமும் பூஜ்யம்னு போட்டிருக்கே."

"அதைத்தான் சொல்றேன். ரெண்டுமே பூஜ்யம்."

அக்காவுக்கு உச்சி சூடேறியது. வாயைப் பொத்திவிட்டு அழுகை நின்றது என்று கொண்டாடுகிறார்கள், அதுவும் கேக் வெட்டி. அந்த வாரமே புதுப் பதிப்பு வார்டுக்குப் போகிறது. எடைமேடையிலிருந்து குழந்தையின் எடையை வாங்கி மருந்தளவு சொல்லும் பகுதி அதில் புதிது. அனுப்ப இருவர் சம்மதம் வேண்டும். மேனேஜர் க்ரீம் கையோடு தன் சம்மதப் பொத்தானை அழுத்திவிட்டார். மிச்சம் அவளுடையது.

அவள் அழுத்தவில்லை. அந்தப் பகுதிக்கு மட்டும் குறிப்புகளை எழுதிக் கருவியை ஓடவிட்டாள். கத்தியது. எடையும், பெரிய குழந்தைக்கான டோஸ் தொடங்கும் பத்து கிலோ என்ற எல்லை அளவும் எண்ணாக வராமல் எழுத்தாக வந்துகொண்டிருந்தன. எழுத்தாக ஒப்பிட்டால் அகராதி வரிசைதான். 1-இல் தொடங்கும் 10 முன்னால் நிற்கும், 9 பின்னால் போகும். ஆக, ஒன்பது கிலோ குழந்தை பத்து கிலோவைவிட கனம்.

மேனேஜரிடம் காட்டினாள். அவர் தாடையைத் தடவினார்.

"நேத்து வரைக்கும் இல்லாத பிழை. நீங்க கமென்ட் போட்டதும் வந்திருக்கு. அப்ப பிழை எதுலன்னு நீங்களே சொல்லுங்க."

சுற்றி நின்றவர்களில் இரண்டு பேர் ஆமோதித்தார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"கண்ணாடியைக் கழட்டிட்டா ரோட்டுல பள்ளம் இல்லைன்னு ஆயிடுமா சார்?"

"உணர்ச்சிவசப்படாதீங்க." குரலே உயர்த்தாத பெண்ணிடம் இதைச் சொல்ல எந்த அலுவலகத்திலும் ஒரு ஆள் தயாராக இருப்பார்.

அக்கா நாத்தனாரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். "பரிசோதனைக்குன்னு எங்க புதுப் பதிப்பு போட்ட டேப்லெட் ஒண்ணு அங்க வந்திருக்குல்ல? எடைமேடையில ஒன்பது கிலோ வர்ற மாதிரி எதையாவது வெச்சுப் பாரு."

"சலைன் பாட்டில் பெட்டி இருக்கு. ரெண்டு எடுத்துட்டா சரியா வரும். இருங்க." பாட்டில்கள் உரசும் சத்தம். "அண்ணி, மேடையில ஒன்பதுன்னு இருக்கு. உங்க டேப்லெட் பத்துக்கு மேலன்னு சொல்லி பெரிய புள்ளைங்க டோஸைக் காட்டுது. எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"மேனேஜர் கேட்டுக்கிட்டு இருக்கார்."

"கேட்கட்டும். சார், இந்த டோஸை உங்க வீட்டுக் குழந்தைக்கு ஏத்தச் சொல்வீங்களா? ஆமாவா இல்லையா, ஒரு வார்த்தை. எனக்கு ரவுண்ட்ஸ் இருக்கு."

மேனேஜர் வாயில் இருந்த கேக்கை விழுங்குவதற்கே நேரமாயிற்று. "அனுப்ப வேண்டாம், நிறுத்துங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

மறுநாள் எல்லோருக்கும் மெயில் வந்தது. தரத்தை உயர்த்த மேனேஜர் வகுத்த புதிய திட்டத்தின்படி இனி கமென்டுகள் கட்டாயமாம். வழித்தெடுக்கச் சொன்னது யார் என்ற பேச்சே அதில் இல்லை. அக்காவின் பேச்சும் இல்லை. படித்துவிட்டு அவள் தண்ணீர் பாட்டிலை மேசையில் வைத்த வேகத்தில் மூடி தெறித்தது. அவளை மறந்தது போகட்டும். அடுத்த தடவை லீவு போட்டால் இவர் மறுபடியும் துடைக்க மாட்டார் என்று அந்த மெயிலில் எந்த உத்தரவாதமும் இல்லையே.

பழைய பதிப்பிலிருந்து குறிப்புகளை மீட்டாள். எடையை எண்ணாக மாற்றினாள். நாத்தனார் மறுபடி பெட்டியை வைத்துப் பார்த்து, சின்னக் குழந்தைக்கான அளவுதான் வருகிறது என்றாள். அதன்பிறகு அக்கா இன்னொரு வேலை செய்தாள். சோதித்த இடம் பூஜ்யமாக இருந்தால் சம்மதப் பொத்தான் யாருக்கும் அழுந்தாதபடி செய்துவைத்தாள்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "பொத்தானுக்குப் பூட்டு போட்டிருக்கீங்களாமே? யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"உங்க மெயில்ல கட்டாயம்னு போட்டிருந்தீங்களே சார். அதைத்தான் நிறைவேத்தினேன்."

அவர் போனை எடுத்துத் தன் மெயிலிலேயே அந்த வரியைத் தேடினார். அக்கா அடுத்த கத்தலைப் படிக்க ஆரம்பித்திருந்தாள்.