இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு

என் மடத்தனத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்துக்காரர் போட்ட பாட்டொன்றை, இங்கிலாந்துக் கோயிலொன்றில், இங்கிலாந்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போதே, என் சொந்த மெட்டு என்று வாசித்தவன் நான். அதுவும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

2009ஆம் ஆண்டுக் கோடை. தென்லண்டன் ஸ்ட்ரெதமில் மாதம் ஒருமுறை எங்கள் கத்தோலிக்கச் சனத்துக்குத் தமிழ்ப் பூசை நடக்கும். வெள்ளைக்காரப் பங்குக் கோயிலை அன்று பிற்பகல் இரவல் தருவார்கள். பாடகர் குழுவின் தலைவி மன்னாரைச் சேர்ந்த அக்கா ஒருவர், கிற்றாருக்கு நான். அந்த வருடம் ஊரில் போரை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்திய சனம் எங்கள் சனம். வைகாசியில் அங்கே எல்லாம் முடிந்த பிறகு கோயிலுக்கு வந்தார்கள், முழந்தாளிட்டார்கள்; பாட மட்டும் வாய் திறக்கவில்லை. நான் பாட்டுக்குத் துள்ளல் பாட்டுகளாக வாசித்துத் தள்ளினேன்.

அக்கா ஒருநாள் மறித்தார்.

"தம்பி, உம்மட கிற்றாரைக் கேட்டா எனக்கே எழும்பி ஓட வேணும் போல கிடக்கு. மாதா திருநாளுக்குச் சனம் வாய் திறந்து பாடுற மாதிரி ஒரு பாட்டுக் கொண்டு வாரும். இல்லாட்டி பிறகு நீர் சனத்தோட வாங்கிலில இருக்கலாம்."

வாங்கிலில், அந்த நீள மர இருக்கையில், இருந்தால் நான் எல்லாரையும் போல ஒரு ஆள். கிற்றார் இருந்தால்தான் நான் நான்.

வீட்டில் பழைய இசைத்தட்டு ஒன்று கிடந்தது. முடி வளர்த்த பிரிட்டிஷ் ரொக் குழுவொன்று போட்டது. அவர்கள் கத்திய பாட்டுகள் ஊருக்கெல்லாம் தெரியும். இரண்டாம் பக்கத்துக் கடைசிப் பாட்டு மட்டும் வேறு மாதிரி, மெதுவான புளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரப் பாட்டு வகை. ஒரு வரி. அதே வரி இன்னொரு முறை, இன்னும் கொஞ்சம் நோவோடு. மூன்றாவது வரியில் ஒரு பதில். தவக்காலத்து ஒப்பாரிக்குப் பழகிய காதுக்கு இது அந்நியமே இல்லை.

யாருக்காவது தெரியுமா என்று பரிசோதிக்க, வேலையிடத்தில் இரண்டு வெள்ளைக்காரரிடம் முணுமுணுத்துக் காட்டினேன். இருவரும் முழித்தார்கள். லண்டனுக்கே தெரியாது என்று தீர்மானித்துவிட்டேன். இருவரும் நேற்று மீசை முளைத்த பொடியன்கள் என்பதை என் ஆராய்ச்சியில் சேர்க்கவில்லை.

'கதவைத் திற, தாயே' என்று தமிழ் வரிகள் எழுதினேன். திருநாளன்று நற்கருணை நேரத்தில் முதல் வரியைக் குழு பாடியது. அதே வரி திரும்பி வந்தபோது பின்வரிசையில் ஒரு ஆண்குரல் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் கோயில் முழுக்கப் பாடியது. சிலர் அழுதுகொண்டே பாடினார்கள். நான் கிற்றாரை நிறுத்தியிருந்தாலும் அவர்கள் நிறுத்தியிருக்க மாட்டார்கள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணியும் ரோல்ஸும்.

"எங்கயிருந்து எடுத்தனீர் இந்த மெட்டை?" என்றார் அக்கா.

"என்ர சொந்த மெட்டு, அக்கா. விடியப்புறம் தானா வந்தது."

அப்போதுதான், மரியாதைக்கு வந்து பின்னால் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பங்குத்தந்தை முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு! படிக்கிற காலத்தில் தட்டுத் தேயத் தேயக் கேட்டேன்," என்றார் ஆங்கிலத்தில். "குடித்துவிட்டு வந்தவன் கதவைத் திறக்கச் சொல்லி மனைவியிடம் கெஞ்சுவானே! தமிழில் அதை எப்படி மாற்றினீர்கள்?"

நான் மாற்றியது மனைவியை மட்டும்தான். கதவு அப்படியே இருந்தது.

"இந்தக் கோயில் இப்படிப் பாடி நான் கேட்டதில்லை," என்று என் தோளில் தட்டிவிட்டு அவர் ரோல்ஸ் பக்கம் போனார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மெட்டுத்தான் இரவல், அக்கா. பக்தி சொந்தம்."

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார். நான் விடவில்லை.

"அடுத்த பூசைக்கு நான் வாங்கிலிலயோ, கிற்றாரோடயோ?"

"கிற்றாரைக் கொண்டு வாரும், வாயை வீட்டில விட்டிட்டு வாரும்."