கொடி அழுத்திய இடம்

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் பெண்கள் எல்லோருடைய நெஞ்சளவும் எனக்குத் தெரியும். நான் பிளவுஸ் தைப்பவள். யார் போன தீபாவளிக்குப் பிறகு பருத்தார், யார் பருத்ததை ஒத்துக்கொள்ளாமல் பழைய அளவிலேயே தைக்கச் சொல்லிச் சண்டை பிடிக்கிறார் என்பதெல்லாம் என் அளவுநாடாவுக்கு வெளிச்சம்.

அந்தச் சண்டைக்காரிகளில் முதலாவது ஆள் என் மச்சாள், அண்ணையின் மனைவி. ஒரே வளவுக்குள் இரண்டு வீடு, நடுவில் ஒரு கிணறு. அவர் வைக்கும் குழம்பின் மணம் என் தையல் மெஷினுக்கு வரும்; நான் பிள்ளைகளை ஏசுவது அவருடைய குசினிக்குக் கேட்கும். ஒரு நாள் புதுத் துணியோடு வந்து நின்றார்.

"மச்சாள், இடப்பக்கம் உள்ளுக்கை மெத்தெண்ட துணியொண்டு வைச்சுத் தைச்சுத் தாரும். கொடி அழுத்துது."

பவுண் கணக்கில் பாரமான யாழ்ப்பாணத்துத் தாலிக்கொடியைக் கையில் தூக்கிப் பார்த்தவர்கள் இதைக் கேட்டு ஆச்சரியப்பட மாட்டார்கள். இப்போது பலர் அதை நகைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு மெல்லிய சங்கிலியோடு திரிகிறார்கள். என் மச்சாள் மட்டும் குளித்தாலும் படுத்தாலும் கழற்றமாட்டார். கழற்றினால் அண்ணைக்கு ஏதும் வந்துவிடுமாம். அண்ணை தண்ணீர்ப் பம்பு திருத்துபவர். நாள் முழுக்கக் கரண்டோடும் கிணற்றோடும் மல்லுக்கட்டுகிற அந்த மனிதர் இன்னும் முழுசாக வீடு வந்து சேர்வதற்குக் காரணம் தன் கழுத்தில் கிடக்கும் கொடிதான் என்பது மச்சாளின் கட்சி. அவரோடு வாதாடி வென்றவர் எவரும் இல்லை. நான் துணி வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அடுத்த பிளவுஸுக்கும் அப்படியே கேட்டார், தைத்தேன்.

இது நடந்து சில மாதங்களுக்குப் பிறகு எங்கள் பகுதி மிட்வைஃப் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார். எங்கள் பகுதியில் பெண்களுக்கென்று ஒரு கிளினிக் நடக்கிறது. அங்கே மார்பையும் பார்ப்பார்கள். "வயசு நாப்பத்தைஞ்சு ஆகுது, ஒருக்கா வந்து காட்டுங்கோ" என்று அவர் சொல்லும்போதெல்லாம் நான் கலியாணத் தையல், கோயில் தையல் என்று சாட்டுச் சொல்லித் தப்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு வெட்கம். ஊரிலுள்ள பெண்களையெல்லாம் கையைத் தூக்கச் சொல்லி அளவெடுக்கிறவளுக்குத் தன் கையைத் தூக்க வெட்கம்! கடைசியில் அவருடைய ஸ்கூட்டர் என் வாசல் படலையடியில் நிற்கும் சத்தத்துக்கே பயந்து, போகச் சம்மதித்தேன். எங்கள் ஊரில் பல்லுப் பிடுங்கக்கூட யாரும் தனியாகப் போவதில்லை. துணைக்கு மச்சாளைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டொக்டர் ஒரு இளம் பெண்பிள்ளை. மறைப்புக்குள் என்னை இருத்தி, கையைத் தூக்கச் சொன்னார், இடுப்பில் ஊன்றச் சொன்னார், பிறகு படுக்க வைத்தார். மூன்று விரல்களின் தட்டையான பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே போனார். ஓரிடம் விடவில்லை. கைக்கடியில் கமக்கட்டு, கழுத்தடிக் காறையெலும்புக்கு மேல்பக்கம் எல்லாம் பார்த்தார். நல்ல தையல்காரி துணியில் முடிச்சுத் தேடுவது போலத்தான் இருந்தது. "ஒண்டுமில்லை. ஆனா கையாலை பாக்கிறதிலை எல்லாம் பிடிபடாது. ஏதும் மாற்றம் கண்டா அடுத்த முறைக்குக் காத்திராமல் உடனை வாங்கோ" என்றார். நான் நிம்மதியாகப் பிளவுஸைக் கொளுவிக்கொண்டிருந்தபோது அவர் வெளியே எட்டிப் பார்த்தார்.

"அவ ஆர்? அவவையும் ஒருக்காப் பாப்பமே?"

"ஐயோ டொக்டர், நான் துணைக்கு வந்தனான்" என்று மச்சாள் எழும்பியே விட்டார். "எனக்கு ஒரு நோவுமில்லை."

"நோவில்லாதவைதான் இஞ்சை வாறது, அம்மா. வாங்கோ."

மச்சாள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பொசுங்கியிருக்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டு உள்ளே வந்தார். கொடியைக் கழற்றமாட்டேன் என்றார். டொக்டர் சண்டைக்குப் போகவில்லை; "முதுகுப் பக்கம் போட்டுவிடுங்கோ" என்றார். போட்டார். வலப்பக்கம் பார்த்து முடிந்தது. இடப்பக்கத்தில் அந்த விரல்கள் ஓரிடத்தில் நின்றன, விலகின, திரும்பவும் அங்கேயே வந்தன.

"இது எவ்வளவு காலமா இருக்கு?"

"அது கொடி அழுத்தின தடிப்பு" என்று மச்சாள் சாதாரணமாகச் சொன்னார். "மச்சாள் துணி வைச்சுத் தைச்சுத் தந்தவ. இப்ப அழுத்திறேல்லை."

டொக்டர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. "கொடி அழுத்தினாத் தோல் சிவக்கும், கறுக்கும். உள்ளுக்கை கட்டி வராதம்மா. இது என்ன கட்டியெண்டு கையாலை சொல்லேலாது. கனபேருக்குப் பயமில்லாத கட்டியாத்தான் இருக்கும். ஆனா ஸ்கான் பண்ணி, ஊசியாலை கொஞ்சம் சதை எடுத்துச் சோதிச்சால்தான் தெரியும். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிறன். கட்டாயம் போங்கோ."

ஓட்டோவில் திரும்பி வந்தோம். படலையடியில் இறங்கியதும், "உமக்குத் துணைக்கு வந்து நான் மாட்டுப்பட்டன்" என்றார் மச்சாள். சொல்லிவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

சோதனையில் புற்றுநோய் என்றே வந்தது. சின்னது, நல்ல வேளையில் பிடிபட்டிருக்கிறது, எடுத்துவிட்டுத் தொடர்ந்து மருந்து செய்தால் நம்பிக்கையாக இருக்கலாம் என்றார்கள். மச்சாள் ஒப்பரேஷனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டார். ஒப்பரேஷனன்று காலை வார்டில்தான் கரைச்சல் வந்தது. உடம்பில் நகையொன்றும் இருக்கக்கூடாது என்று மிஸி, அதாவது வார்டு நேர்ஸ், சொன்னார். வெட்டுகிற இடமே நெஞ்சு. அங்கே கொடியை எப்படி விடுவது? மச்சாள் இரண்டு கையாலும் கொடியைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, "அப்பிடியெண்டா எனக்கு ஒப்பரேஷன் வேண்டாம்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உங்களுக்கென்ன விசரோ மச்சாள்? நீங்கள் இல்லாமல் போனா அண்ணைக்கு என்னத்துக்குக் கொடி?" என்று கத்தினேன். பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மச்சாள் அசையவில்லை. மிஸிதான் புத்திசாலி. வெளியே விறாந்தையில் நின்ற அண்ணையைக் கூப்பிட்டு உள்ளே விட்டார்.

அண்ணை வீட்டில் "சாப்பாடு", "துவாய்" என்பதற்கு மேல் கதைக்காதவர். கட்டிலடியில் வந்து நின்றார். "இஞ்சருமப்பா," என்றார், "நான்தானே கட்டினனான். நானே கழட்டிறன். அதிலை ஒரு குற்றமுமில்லை."

மச்சாள் அவரையே பார்த்தார். பிறகு மெல்லக் கையை எடுத்தார். கறள் பிடித்த நட்டுகளையெல்லாம் கழற்றுகிற அந்த விரல்கள் கொடியைப் பக்குவமாகத் தூக்கின. தலைக்கு மேலால் எடுக்கும்போது கொடி பின்னலில் சிக்கியது. "மெல்ல, மயிரைப் பிடுங்கிறியள்" என்று மச்சாள் ஏசினார். எடுத்த கொடியை எங்கே வைப்பது என்று அண்ணைக்குத் தெரியவில்லை. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் கழுத்திலேயே போட்டு, சேட்டுப் பொத்தானை மேல்வரை பூட்டிக்கொண்டார்.

மச்சாளைத் தள்ளிக்கொண்டு போனபிறகு விறாந்தையில் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய ஒரு கை, சேட்டுக்குள் கொடி கிடந்த நெஞ்சிலேயே இருந்தது. தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போக விட்டார். நான் தெரிந்த தேவாரமெல்லாம் பாதி பாதியாகச் சொல்லிப் பார்த்தேன். அந்த மனுசியோடு இன்னும் எவ்வளவு சண்டை பிடிக்கக் கிடக்கிறது என்பதுதான் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

கட்டியை முழுதாக எடுத்தாயிற்று, கமக்கட்டுக்குப் பரவவில்லை என்று பிறகு தெரிந்தது. ஒப்பரேஷன் முடிந்த அன்று பின்னேரம் மச்சாள் கண்ணைத் திறந்ததும் கேட்டது, "இவர் சாப்பிட்டவரே?" என்று. அண்ணை கிட்டப் போய்ச் சேட்டுப் பொத்தானைக் கழற்றத் தொடங்கினார்.

"வேண்டாம். காயம் ஆறுமட்டும் உங்களிட்டையே கிடக்கட்டும்" என்றார் மச்சாள். "பாரமாக் கிடக்கோ?"

"இதைப் போட்டா உமக்கு ஒண்டும் வராதெண்டு ஆரும் அண்டைக்கே எனக்குச் சொல்லியிருந்தா," என்றார் அண்ணை, "கலியாணத்தண்டு என்ரை கழுத்திலை எல்லோ போட்டிருப்பன்."

"சத்தம் போடாதையுங்கோப்பா, மிஸி நிக்கிறா" என்றார் மச்சாள். ஆனால் பிடித்திருந்த அண்ணையின் கையை விடவில்லை.