எட்டப்பக்கம் ஏறியவர்

குதிரையேற்றப் பள்ளியில் பயிற்சி தரும் அவருக்குக் 'கிட்டப்பக்கம்' என்றே பெயர். குதிரையின் இடப்பக்கம் கிட்டப்பக்கம், வலப்பக்கம் எட்டப்பக்கம். ஏறுவது, இறங்குவது எல்லாம் கிட்டப்பக்கம்தான். புதிதாக வந்தவர் யாராவது பக்கம் மாறி நின்றால் போதும், "கிட்டப்பக்கம் வாங்க சார், கிட்டப்பக்கம்" என்று லாயமே அதிரக் கத்துவார். முப்பது வருடமாக அதே பாட்டு. கட்டிலில் ஏறுவதற்குக்கூட மனுஷன் பக்கம் பார்ப்பார் என்று மனைவி கேலி செய்வாள்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு வருடமாகத் திருட்டுத்தனமாக எட்டப்பக்கத்திலிருந்து ஏறிக்கொண்டிருந்தார். இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. சேணத்திலிருந்து தொங்கும் அங்கவடியில் அந்தக் காலை வைத்து உந்தினால் உயிர் போய் உயிர் வரும். வெளியே சொன்னால் வேலை போகும். அதனால் புதிதாக வந்த சாம்பல்நிறப் பெண்குதிரையை, ஆள் வருவதற்கு முன்பே வலப்பக்கமாக ஏறிப் பழக்கினார். அவரிடம் தங்கமாக நின்றது.

பள்ளியின் முதலாளியம்மா வந்து கிட்டப்பக்கம் கால் வைத்ததும் குதிரை மிரண்டு சுழன்று அந்த அம்மாவை மண்ணில் தள்ளியது. மறுநாளும் அப்படியே. "முரட்டுக் குதிரை. நாளைக்கு வண்டி வரும், வித்துடலாம்" என்றார் அந்த அம்மா.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தையல் மிஷினை நிறுத்தினாள்.

"வாயில்லா ஜீவன்ங்க அது. நீங்க சொல்லிக்குடுத்ததத்தானே செய்யுது?"

"உண்மையச் சொன்னா நம்ம வீட்டுல அடுப்பு எரியாது."

"எரியும். நான் எதுக்கு இருக்கேன்?"

மறுநாள் பள்ளி வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் பார்க்க, அவர் நொண்டிக்கொண்டே குதிரையைச் சுற்றிப்போய் எட்டப்பக்கம் ஏறி உட்கார்ந்தார். குதிரை அசையவில்லை.

"அது மேல தப்பில்லம்மா. என் கால்தான் கெட்டுப்போச்சு. ஒரு வருஷமா மறைச்சிட்டேன்."

முதலாளியம்மா அந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வண்டிக்காரரிடம் போகச் சொல்லிக் கை காட்டினார்.

"வலிய வச்சிக்கிட்டு ஒரு வருஷமா வாயத் திறக்கல. நல்ல ஆளுங்க நீங்க. இனிமே நீங்க ஏற வேண்டாம். கீழ நின்னு சொல்லிக்குடுங்க, போதும். இறங்குங்க, நான் ஏறிப் பாக்கறேன்."

இறங்கிக் கடிவாளத்தைப் பிடித்தார். பழக்கதோஷத்தில் முதலாளியம்மா கிட்டப்பக்கம் வந்து நின்றார். குதிரை காதை மடக்கியது.

"எட்டப்பக்கம் வாங்கம்மா" என்றார், முப்பது வருடத்தில் முதல் தடவையாக, மெதுவாக.