கப்பல் கீழேதான் இருந்தது

ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூர் தேக்கா உணவு நிலையத்தில் எங்கள் வழக்கமான மேசையில் உட்கார்ந்து, கேப்டன் தயாளனுக்கும் சேர்த்து இரண்டு கோப்பை தே தாரிக் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி வருகிறவர் ஒரு நாளும் தாமதித்ததில்லை. கைப்பேசி அடித்தது. கதிர். கேப்டனோடு விமானம் ஓட்டியவன், அவரை அண்ணன் என்றே கூப்பிடுகிறவன்.

"அங்கிள், எங்க இருக்கீங்க?"

"உங்க அண்ணனுக்கு வாங்கின டீ ஆறிட்டு இருக்கு. சீக்கிரம் வரச் சொல்லுலா" என்றேன்.

"அண்ணன் வரமாட்டாரு அங்கிள். தூக்கத்துலயே போயிட்டாரு" என்றான்.

இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

கேப்டனை அறிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: சிராங்கூன் சாலையில் பயணப்பெட்டி விற்ற சோமு நான்தான். படிப்பு தொடக்கப்பள்ளியோடு சரி. ஆனால் இந்தத் தீவிலிருந்து பறந்த பெட்டிகளில் பாதி என் கடையிலிருந்து போனவை. விமானத்தைப் பற்றி விமானிக்கு அடுத்தபடி தெரிந்தவன் பெட்டிக்காரன்தான் என்பது என் கருத்து.

கேப்டன் முதன்முதலில் கடைக்கு வந்ததே ஒரு சின்னப் பெட்டி வாங்கத்தான். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். "இது ஏரோப்ளேன்லருந்து விழுந்தாலும் உடையாது கேப்டன்."

"யாரு போட்டுப் பார்த்தது?"

"நானே."

"எவ்வளவு உயரத்துலருந்து?"

"முப்பதாயிரம் அடி!"

அவர் பெட்டியைத் திருப்பிச் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார். "சரி, பெட்டி இறங்கிருச்சு. நீங்க எப்படி இறங்குனீங்க?"

அன்றிலிருந்து நாங்கள் நண்பர்கள்.

இனி அந்த விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இவரைப் பற்றி எழுதினால், மேலிருந்தே என் சட்டையைப் பிடிப்பார்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். ஓட்டியது கேப்டன் தயாளன். துணை விமானி கதிர். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், அந்த நிறுவனமே இப்போது இல்லை. எனக்குச் சன்னலோர இருக்கை. பக்கத்தில் செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்த முருகேசன், விடுப்பு முடிந்து வருகிறார். பகல் நேரம்தான், ஆனால் வெளியே மேகம் அடுப்புக்கரி போலிருந்தது. மழை சன்னலில் படுத்துக்கொண்டு ஓடியது. சக்கரங்கள் இறங்கும் சத்தம் கேட்டது. முருகேசன் வார் பட்டையை இறுக்கிக்கொண்டார்.

மேகம் சட்டென்று கிழிந்தது. கீழே கடல். அலையின் நுரை தெரிந்தது. நுரையில் மிதந்த ஒரு பிளாஸ்டிக் டப்பா கூடத் தெரிந்தது என்று நான் சொல்வதுண்டு.

"தரை வந்துருச்சாண்ணே?" என்று முருகேசன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. நங்கூரம் போட்ட ஒரு சரக்குக் கப்பல் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அது நின்றபடிதான் இருந்தது, வந்தது நாங்கள்.

"அண்ணே, நான் கப்பல் மேல்தளத்துல சாரம் கட்டி வேலை பார்த்தவன். மேல்தளத்துல நிக்கிற ஆள் மூஞ்சி எங்கருந்து பார்த்தா தெரியும்னு எனக்குத் தெரியும். இப்பத் தெரியுதுண்ணே. அவன் ஓடுறான்."

எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. வாழ்நாளில் அந்த ஒரு முறைதான் என்று என் மனைவி சொல்வாள். முன்னால் யாரோ முருகா முருகா என்றார்கள். பணிப்பெண் தன் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். நான் முன் இருக்கையைப் பிடித்தேன். பிடித்தால் என்ன, அதுவும் எங்களோடுதானே விழப்போகிறது!

அப்போது உள்ளே, கதவுக்கு அந்தப் பக்கம், என்ன நடந்தது என்பதைப் பின்னால் அவர்கள் இருவருமே தனித்தனியாகச் சொன்னார்கள். இரண்டு பேர் சொன்னதும் ஒன்றேதான்.

உயரத்தைக் காட்டும் கருவி காற்றின் அழுத்தத்தை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. மேலே பறக்கும்போது எல்லோருக்கும் பொதுவாக ஓர் எண். இறங்கும்போது விமான நிலையக் கோபுரத்திலிருந்து அந்த ஊரின் அன்றைய எண்ணைச் சொல்வார்கள். இரண்டு விமானிகளும் அவரவர் கருவியை அந்த எண்ணுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பாவிட்டால், இருப்பதைவிட உயரமாக இருப்பதாக அது காட்டக்கூடும். இறங்கும் நேரத்தில் வேலையைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று இதற்காகத்தான் சட்டம் வைத்திருக்கிறார்கள்.

கேப்டனுக்கு அப்போது மகள் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"சைவம் போட்டா மாப்பிள்ளை வீட்டுல முகம் சுளிப்பாங்கடா கதிரு. மட்டன் பிரியாணி போட்டா எங்க அத்தை கை நனைக்க மாட்டாங்க."

கோபுரம் எண்ணைச் சொன்னது. கதிர் திருப்பிச் சொல்லிவிட்டுத் தன் பக்கத்துக் கருவியை மாற்றினான். கேப்டனின் கருவியைப் பார்த்தான். மாறவில்லை.

"அண்ணே, உங்க பக்கத்துல..."

"இருடா, சொல்லி முடிச்சிடறேன். ரெண்டு பந்தியாப் போட்டா?"

"ரெண்டு பந்தி நல்லதுண்ணே."

இதைப் படிக்கும் நீங்கள் கதிரைத் திட்டுவதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். அவனை விமானி வேலைக்கு மனுப்போடச் சொன்னவர் கேப்டன். கதிரின் கல்யாணத்தில் தாலி எடுத்துக் கொடுத்தவர் கேப்டன். அப்படிப்பட்டவர் தன் மகள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர்களில் யார் குறுக்கே வெட்டுவார்? நானாக இருந்தால் மூன்றாவது பந்திக்கு என்ன இனிப்பு என்று கேட்டிருப்பேன். அண்ணன் முடிக்கட்டும், சொல்லிக்கொள்ளலாம் என்று கதிர் காத்திருந்தான். கேப்டன் தன் கருவியை நம்பி இறக்கிக்கொண்டே இருந்தார்.

மேகம் கிழிந்து கடல் தெரிந்தபோதும் கேப்டன் முன்கண்ணாடி வழியே வெளியே பார்க்கவில்லை, கருவியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எச்சரிக்கை இயந்திரம் தரை, தரை என்று கத்த ஆரம்பித்தது. அதற்கும் மேலாகக் கதிர் கத்தினான்: "தப்புண்ணே! மேல ஏத்துங்க!" கத்திக்கொண்டே தானே விமானத்தின் கைப்பிடியைப் பிடித்து இழுத்தான்.

எங்கள் முதுகு இருக்கையில் அறைந்தது. இயந்திரங்கள் அலறின. சன்னலுக்குக் கீழே கப்பலின் புகைபோக்கி வந்தது, போனது. பிறகு மறுபடியும் கரிய மேகம். அந்த மேகத்தைப் போல அழகான எதையும் நான் பார்த்ததில்லை.

"என் கை இன்னும் கருவியையே நம்பிக்கிட்டு இருந்துச்சு சோமு. அவன் கைதான் கடலை நம்புச்சு" என்பார் கேப்டன்.

ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி வந்தோம். "நீ இறக்குடா" என்று கதிரிடம் கொடுத்துவிட்டாராம். இறங்கும்வரை எண்களைத் தவிர அவர் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. சக்கரம் தரையைத் தொட்டபோது எல்லோரும் கைதட்டினோம். முருகேசன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் அழவில்லை, கண்ணில் ஏதோ குளிர்க்காற்று பட்டுவிட்டது.

வாசலில் கேப்டன் நின்றிருந்தார். நான் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். "கேப்டன், இந்த மழையில வேற எவனா இருந்தாலும் நாங்க அவ்வளவுதான். காப்பாத்திட்டீங்க!"

கையை இழுத்துக்கொண்டார். "மழை ஒண்ணும் செய்யல சோமு. நான்தான் செஞ்சேன். காப்பாத்துனவன் உள்ள உட்கார்ந்திருக்கான்."

பின்னால் நின்ற பயணிகள் எல்லோரும் கேட்டார்கள். கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

விசாரணை வந்தது. சின்னவன் ஏன் உரக்கச் சொல்லவில்லை என்று கதிரின் பக்கம் கை நீண்டது. சின்னவனைக் கழற்றிவிட்டால் எல்லோருக்கும் சுலபம். கதிருக்கு அப்போது கைக்குழந்தை. வேலை போனால் வேறு எந்த நிறுவனமும் சேர்த்துக்கொள்ளாது. கேப்டன் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், அவர் தப்பித்திருப்பார். அவரோ விசாரித்தவர்கள் முன்னால், "அவன் சொன்னான். நான்தான் வாயை மூட வெச்சேன்" என்றார். பந்தி, பிரியாணி, அத்தை எல்லாவற்றையும் சொன்னார். கதிர் வேலையில் நிலைத்தான். கேப்டன், தலைமை விமானிக்கு உரிய இடதுபக்க இருக்கையை இழந்தார். ஓய்வு பெறும்வரை துணை விமானியாகவே பறந்தார். நாங்கள் மட்டும் கேப்டன் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை. அவரும் அதை மட்டும் திருத்தவில்லை.

மகள் கல்யாணம் நடந்தது, இரண்டு பந்திதான். பந்தியில் நின்று, மாப்பிள்ளை வீட்டார் காதுபட, "பிரியாணி எப்படிடா கதிரு?" என்றார். கதிர் இலையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "உப்பு கூடண்ணே."

இலைகளின் மேல் கைகள் நின்றன. மாப்பிள்ளையின் தாய்மாமன் கதிரை முறைத்தார். கேப்டன் சிரித்த சிரிப்பில் சமையல்காரரே வெளியே வந்துவிட்டார். "இதைத்தான்டா! இப்படித்தான்டா!" என்று கதிரின் முதுகில் ஓங்கித் தட்டினார். தட்டியவர் சட்டென்று கழுவுமிடத்துப் பக்கம் போய்விட்டார். முகத்தைக் கழுவ வெகுநேரம் ஆயிற்று.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை மேசையிலும் அதுதான் சட்டம். அவர் பேசும்போது யார் வேண்டுமானாலும் வெட்டலாம். "நடுவுல வெட்டு. மரியாதையை அப்புறம் சேர்த்துக் குடு" என்பார். கோப்பை கழுவ வரும் பையோங் அக்கா எதையாவது சொன்னாலும், பாதி வாக்கியத்தில் நிறுத்திக் கேட்பார். நான் விமானக் கதை சொல்லும்போது மட்டும் என்னைத்தான் வெட்டுவார்கள். கப்பல் பக்கத்தில் வந்தது என்பேன். "கீழ" என்பார் கேப்டன். இறக்கை கப்பல் கொடியில் உரசியது என்பேன். "உரசல" என்பார். "கேப்டன் காப்பாத்தினார்" என்று முடிப்பேன். அதற்கு மட்டும் மேசையைத் தட்டுவார். "மறுபடி சொல்லு, சரியாச் சொல்லு."

மண்டாய் தகனச்சாலையில் இரண்டு வார்த்தை பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். கூட்டம் அவ்வளவு. முருகேசனும் வேலை உடையோடு வந்து பின்னால் நின்றிருந்தார். துக்கம் வந்தால் எனக்குக் கதை இன்னும் பெரிதாகிவிடும். "எங்கள் விமானம் கப்பலுக்குப் பக்கத்தில் போனது. கப்பலின் கொடி என் சன்னலில் அடித்தது. அந்த நேரத்தில் கேப்டன் தயாளன்தான்..."

"அங்கிள்."

இரண்டாவது வரிசையில் கதிர் எழுந்து நின்றான். அவன் முகமெல்லாம் நனைந்திருந்தது. "கப்பல் கீழதான் அங்கிள் இருந்துச்சு."

கூட்டம் திகைத்தது. இரங்கல் பேசுகிற பெரியவரை, சவப்பெட்டி பக்கத்தில் இருக்கும்போது, இப்படியா? யாரோ அவன் கையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தார்கள்.

நான் நிறுத்தினேன். பாதி வாக்கியத்தில்.

அவரிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான்: நிறுத்துவது. அன்று அங்கே திருத்திச் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். இறக்கியது கேப்டன் தயாளன். ஏற்றியது கதிர். அதை ஒளிக்காமல் சொன்னது மறுபடியும் கேப்டன் தயாளன். கப்பல் கீழேதான் இருந்தது. நாங்கள் மேலே இருந்தோம். கொஞ்சம்தான் மேலே. அந்தக் கொஞ்சத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.