நான் கை கொடுக்காத கோச்

கோயில் பிரகாரத்தைச் சுற்றும்போது எண்ணிக்கைக்காகச் சிலர் விரலில் மாட்டிக்கொள்வார்களே, பொத்தானை அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி, அதுதான் அவள் கையில் இருந்தது. செய்யாறு தொழிற்பேட்டையில் ஷூ தைக்கும் கம்பெனி ஒன்றில், நாற்பது மெஷின் உள்ள லைனுக்கு நான் சூப்பர்வைசர். சென்னையிலிருந்து எனக்குக் கோச்சாக வந்திருந்த அந்தப் பெண் என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவள். லைன் முனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காலையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மணி அடித்ததும் எழுந்து வந்து கருவியைக் காட்டினாள். எல்லாம் பூஜ்யம். "நீங்க ஒரு கேள்வி கேட்டு, பதில் வர்ற வரைக்கும் நின்னா ஒரு தடவை அழுத்தலாம்னு இருந்தேங்க," என்றாள். "கேள்வி கேட்டுகினு நின்னா ஷூவ யாரு மேடம் தைக்கிறது?" என்று கேட்டுவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவளை நானாகக் கூப்பிடவில்லை. ஆறு மாதத்தில் என் லைனிலிருந்து ஒன்பது பெண்கள் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, மூன்று மாதம் கோச் ஒருத்தர் கூடவே இருப்பார், அதற்குப் பிறகும் இப்படியே நடந்தால் பேக்கிங்குக்குப் போய்விடுங்கள் என்றார். ஆரணியில் என் வீட்டில் எல்லாரும் தறிக்காரர்கள். அந்தத் தெருவிலிருந்து கம்பெனி பஸ் ஏறி, தையல்காரியாகச் சேர்ந்து, பதினோரு வருஷம் திட்டு வாங்கி அந்த இடத்துக்கு வந்தவள் நான். திட்டித்தான் வேலை வாங்க முடியும் என்பது எனக்குக் கண்கூடாகத் தெரிந்த விஷயம். அதனால் மறுநாளே அவள் ஸ்டூலை எடுக்கச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே பார்த்தாள். பசை நாற்றம் அதிகம் அடிக்கும் மூலையைக் காட்டி அங்கே நிற்கச் சொன்னேன். நின்றாள். அவளோடு பேசினால் ஓவர்டைம் கிடையாது என்று பெண்களிடம் சொல்லிவைத்தேன். வேலைக்கு இடைஞ்சலாக இருக்கிறாள் என்று மேனேஜருக்கு எழுதியும் கொடுத்தேன். எதற்கும் அவள் கோபப்படாததுதான் எனக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

மூன்றாவது வாரம் என் பக்கத்தில் வந்து, "நீங்க வந்தா அந்த நாலாவது மெஷின் பொண்ணு இடது கையை மறைக்குதுங்க. கவனிச்சீங்களா?" என்றாள். கவனிக்கவில்லை. நேரே போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்தேன். சேவூர்ப் பெண், பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்காருபவள். ஆள்காட்டி விரலில் லைனிங் துணி சுற்றியிருந்தது. பிரித்தால் விரல் வீங்கி நகம் கறுத்திருந்தது. ஊசி இறங்கி இரண்டு நாள் ஆகியிருந்தது. "ஏன்டி சொல்லல?" என்று கத்தினேன். அவள் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இது கேள்வி இல்லீங்க," என்றாள் கோச், எல்லார் முன்னாலும்.

முதலுதவி அறைக்கு நான்தான் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனேன். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்று வழி நெடுகப் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். புத்தி வந்து மௌனமானேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் நான் பேசாததால் அவள் பேசினாள். "ஊசிக்கு முன்னால விரல் போகாம தடுக்க ஒரு கார்டு இருந்துச்சே, அது இல்லாததாலதான் அக்கா குத்திகிச்சி," என்றாள். கொஞ்ச தூரம் போய், "வேலை ஜல்தியா ஆவணும்னு நீங்கதானே அக்கா எல்லா மெஷின்லயும் கழட்டச் சொன்னீங்க," என்றாள். குரலில் குற்றச்சாட்டே இல்லை. நான் சொன்னதைத்தான் அவள் சொன்னாள்.

விரலுக்குக் கட்டுப் போட்டு முடித்துத் திரும்பியதும் கோச்சிடம் போனேன். "கார்டு இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"முதல் நாளே பார்த்தேங்க. நீங்களா கேட்டுத் தெரிஞ்சிக்கணும்னு விட்டுட்டேன்."

"எனக்குப் பாடம் நடத்த அந்தப் பொண்ணு விரல்தான் கெடைச்சுதா உனக்கு?"

அவள் முகம் வெளிறியது. "நான் சொல்லியிருக்கணும்," என்றாள். அதற்கு மேல் சொல்ல நான் விடவில்லை. கழட்டச் சொன்னவள் நான், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவள் அவள். இரண்டு பேருமாகச் சேர்ந்து அந்த விரலைக் குத்தியிருந்தோம்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய் கார்டைக் கழட்டச் சொன்னது நான்தான் என்றேன். மெமோ வந்தது. நாற்பது மெஷினுக்கும் கார்டு மாட்டினோம், லைன் வேகம் குறைந்தது, அதற்கும் ஏச்சு வாங்கினேன். மீதி நாட்களில் கோச்சும் நானும் வேலைக்குத் தேவையானதைத் தவிர ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மெஷின் மெஷினாக நின்று, "என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருக்கப் பழகினேன். அவள் கருவியை அழுத்தி எண்ணிக்கொண்டிருந்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசி நாள் கை நீட்டினாள். நான் கை கொடுக்கவில்லை. அதற்காக இன்றுவரை வருத்தப்படவும் இல்லை.

சூப்பர்வைசராகத்தான் இருக்கிறேன். வேலையை விட்டு நிற்பவர்கள் குறைந்துவிட்டார்கள், நிற்கிறவர்களும் சொல்லிவிட்டுத்தான் நிற்கிறார்கள். போன வாரம் சேவூர்ப் பெண்ணிடம் வழக்கம்போல ஏதாவது சொல்லணுமா என்று கேட்டேன். மெஷினை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நல்லாத்தான் கேக்கறீங்க அக்கா. ஆனா மூஞ்சி இன்னும் அடிக்க வர்ற மாதிரியேதான் இருக்குது. புதுசா வந்த பொண்ணுங்க பயப்படுதுங்க," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இன்னும் என்னமோ சொல்ல வாயெடுத்தாள். நகராமல் நின்றேன்.