கம்பி பட்ட இடம்

எங்கள் அக்கா சாலவாக்கத்தில் பிறந்து, உத்திரமேரூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். மாமா காலமான பின் கவரிங் நகைக் கடையைத் தனியாக நடத்தினார். முலாம் போடும் வேலையில் நான் கூட இருந்தேன். அக்கா அதிகம் பேசமாட்டார். ஒரு நாள் பேசியதை மட்டும் எழுதுகிறேன்.

எங்களிடம் சங்கிலிக்குக் கொக்கி மாற்றிக்கொண்டு போன ஒரு பெண், பத்து நாள் கழித்துக் கணவருடன் வந்தார். வேறு கடையில் உரசிப் பார்த்தார்களாம்.

"இன்னாக்கா இது? தங்கத்தக் குடுத்தேன், செம்பத் திருப்பிக் குடுத்துக்கீற! எங்கம்மா போட்ட சங்கிலி!"

தெரு கூடிவிட்டது. "போலீசுக்கு போன் போடு" என்றார் ஒருவர். அதே மாதிரி கவரிங் சங்கிலி ஒன்றை முந்தின மாதம் எங்களிடம் செய்து வாங்கியவர், பின்னால் தலைகுனிந்து நின்ற அந்தக் கணவர்தான். வாயைத் திறந்தேன்.

"நீ சும்மா இருடா" என்று அக்கா என் கையை அழுத்தினார். பிறகு சங்கிலியைக் கையில் வாங்கினார்.

"இதப் பாரும்மா. செம்புச் சங்கிலிய ஆசிட்ல முக்கிக் கழுவுவோம். மெல்லிசு கம்பில கட்டி, தங்கத் தண்ணில தொங்கவுட்டு, கரண்ட் குடுப்போம். தங்கம் மேல படிஞ்சிக்கும். கம்பி பட்ட எடத்துல மட்டும் படியாது. நான் எப்பவும் மூணாவது வளையத்துலதான் கட்டுவேன். தோ, செவப்பாப் புள்ளி கீது பார். இது என் கை வேலைதான்."

"கேட்டீங்களா, அந்தம்மாவே ஒத்துக்கிச்சி!" என்று கூட்டம் இரைந்தது. யாரோ ஷட்டரைப் பிடித்து இழுத்தார்கள்.

"செஞ்சது நான். யார் செய்யச் சொன்னாங்கன்னு என் வாயால சொல்ல மாட்டேன்."

அக்கா அந்தக் கணவர் பக்கம் திரும்பவே இல்லை. ஷட்டர் பாதிவரை இறங்கிவிட்டது.

"வுடுங்கய்யா!" என்றார் அந்தக் கணவர். மனைவியிடம், "நான்தான் செய்யச் சொன்னேன். எங்கம்மா ஆப்ரேசனுக்கு உன்னுத அடகு வெச்சிட்டேன்" என்றார்.

அந்தப் பெண் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். அக்கா கூட்டத்தைப் பார்த்து, "வேடிக்க முடிஞ்சிச்சி, போங்க" என்றார். அவர்கள் இருவரையும் உள்ளே அழைத்து டீ வாங்கிக் கொடுத்தார்.

காலமாவதற்கு முன் கடைசி ஓராண்டு சிறுநீரகம் பழுதாகி, அக்கா வாரம் இருமுறை மருத்துவமனைக்குப் போய்வந்தார். கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியருக்கும், கஞ்சி வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஒவ்வொரு முறையும் தம் ஆட்டோவில் அழைத்துப் போனவர் அந்தக் கணவர். அக்காவை அணைத்துப் பிடித்தபடி உடன் வந்தவர் அவர் மனைவி. இந்தக் குறிப்பில் பெயரைப் போடட்டுமா என்று இருவரிடமும் கேட்டேன். "தாராளமாப் போடு" என்றார்கள்.

அக்கா சொல்லாத பெயரை நான் எழுதவில்லை.