நகரியில் பார்த்த இந்திப் படம்

என் மாமாவுக்கு இந்தி தெரியாது. இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் புதிதாக வெளியாகும் இந்திப் படங்களுக்கு விமரிசனம் சொல்ல அது ஒரு தடை என்று அவர் நினைக்கவில்லை. நாங்களும் நினைக்கவில்லை.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் டேட்டா மலிவாகக் கிடைக்க ஆரம்பித்திருந்த புதிது. மாமா அம்மாவின் ஒரே தம்பி. கே.ஜி.கண்டிகையில் எங்களோடுதான் இருந்தார். திருத்தணி பஜாரில் ஒரு செல்போன் கடையில் வேலை. தமிழ்ப் படங்களுக்கு விமரிசனம் சொல்லி யூடியூபில் போட ஆளாளுக்குக் கிளம்பியிருந்த காலம் அது. இந்திப் படத்துக்கு எங்கள் பக்கம் ஆளே இல்லை. காலியாகக் கிடந்த இடத்தில் மாமா துண்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

திருத்தணிக்கு இந்திப் படம் வராது. சென்னைக்குப் போய்ப் பார்த்தால் புரியாது. ஆகவே மாமா பஸ் ஏறி ஆந்திர எல்லையைத் தாண்டி நகரிக்குப் போவார். பெரிய நடிகர்களின் இந்திப் படங்கள் அங்கே தெலுங்கு பேசிக்கொண்டு வரும். தெலுங்கு எங்களுக்கெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. படத்தைப் பார்த்துவிட்டு வந்து, தூரத்தில் முருகன் மலை தெரிகிற மாதிரி எங்கள் மொட்டைமாடியில் நின்றுகொண்டு, "வணக்கம் நண்பர்களே, இன்னிக்கு பாம்பேயையே கலக்கிகினு இருக்கிற படம் இன்னான்னா" என்று ஆரம்பிப்பார். தெலுங்குக்காரர்கள் பாத்திரங்களின் பெயரையும் ஊரையும் தங்கள் வசதிக்கு மாற்றியிருப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. லக்னோ போலீஸ்காரர் ஒருவரை ராஜமுந்திரிக்காரர் என்று மாமா அடித்துச் சொன்ன வீடியோ இன்னும் இருக்கிறது.

கடைசியில் மதிப்பெண் போடுவது என் வேலை. மாமா பேசி முடித்ததும் நான் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டுவேன். ஐந்து விரல் என்றால் ஓடிப் போய்ப் பார்க்கலாம். ஒரு விரல் என்றால் தெண்டம். நகரியிலிருந்து வரும்போது மாமா எனக்கு என்ன வாங்கிவந்தார் என்பதைப் பொறுத்தே படத்தின் தலையெழுத்து அமையும். விரலைக் காட்டியதோடு நிற்காமல் வீட்டுச் செய்தியையும் ஒரு வரி சேர்த்துவிடுவேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் முந்தின நாள் நடந்த சண்டையை உலகத்துக்கே அறிவித்த பெருமை எனக்கு உண்டு. மாமா அதை வெட்டாமல் அப்படியே போட்டுவிட்டார். பார்த்த கொஞ்சப் பேரும் எனக்காகத்தான் பார்த்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

மாமாவுக்கு முப்பது தாண்டியிருந்தது. பெண் அமையவில்லை. வந்தவர்கள் எல்லாம் செல்போன் கடையா என்பார்கள், நிலம் எவ்வளவு என்பார்கள், காபியைக் குடித்துவிட்டுப் போவார்கள். பிறகு பேச்சே இருக்காது. அம்மா ஒவ்வொரு முறையும் ஒரு பாட்டம் அழுவார். மாமா சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பிவிடுவார். அது சிரிப்பில்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அப்போதுதான் அம்மையார்குப்பத்திலிருந்து ஓர் இடம் வந்தது. மும்பைக்குப் பக்கத்தில் பிவண்டியில் வெகுகாலம் விசைத்தறி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய குடும்பம். பெண்ணுக்கு அம்மா இல்லை; அப்பா மட்டும்தான். பிவண்டியில் அவருடைய தறிகள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. அங்கே போய் இருந்து பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை வேண்டும். நிலம் வேண்டாம், கவர்மெண்ட் உத்தியோகம் வேண்டாம், நன்றாக இந்தி தெரிந்தால் போதும் என்றாராம். தரகர் மறுபேச்சில்லாமல் மாமாவின் வீடியோ ஒன்றை எடுத்துக் காட்டிவிட்டார்.

பெண்ணின் போட்டோ வந்த நாளிலிருந்து மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. பிடித்துப்போனதால் பயமும் வந்துவிட்டது.

"எனக்கு இந்தி வராதுன்னு சொல்லிடலாம்க்கா. பாவம், நம்பிகினு இருக்காங்க."

"கல்யாணம் ஆனா தானா வந்துடும்டா."

"இந்தியா?"

"ஆங். வீட்ல ஒரு ஆளு பேசிகினே இருந்தா காதுல விழாதா?" என்றார் அம்மா. தம்பிக்குக் கல்யாணம் நடக்க வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது உலகத்தில் வேறு நியாயம் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் அம்மாவும் மாமாவும் நானும் பெண் பார்க்கப் போனோம். அப்பாவுக்கு ஷிப்ட் என்று வரவில்லை. பெண் வீட்டை ஒட்டினாற்போல் தறிக்கொட்டகை. தறிகள் போட்ட சத்தத்தில் கேசரி நன்றாக இருக்கிறது என்பதைக்கூடக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பெண் வந்து நமஸ்காரம் செய்துவிட்டு நின்றார். போட்டோவில் இருந்ததைவிட நன்றாகவே இருந்தார். மாமா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"என் இந்தி தறி இந்திங்க. நூலு, ரேட்டு, லாரி வந்துச்சா, அவ்ளோதான். எம் பொண்ணு அங்க இந்தி ஸ்கூல்லயே படிச்சுது. அதுவே பேசிப் பாத்துச் சொல்லட்டும். என்னம்மா, கொல்லப்பக்கம் போயி நாலு வார்த்த இந்தியில பேசிட்டு வாங்க."

பஸ்ஸில் பர்ஸைப் பறிகொடுத்தவர் போல மாமா எழுந்தார். "பாப்பா, நீயும் கூடப் போ" என்று அம்மா என்னைத் தள்ளிவிட்டார். நான் போய் என்ன செய்ய முடியும் என்று நினைத்தாரோ தெரியவில்லை. தம்பியைத் தனியாக அனுப்ப மனசு வராமல்தான் செய்திருக்க வேண்டும்.

கொல்லையில் சாயம் போட்ட நூல் கற்றைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. ஜன்னலருகே பெண்ணின் அப்பா வந்து நின்றது தெரிந்தது. தறிச் சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்டிருக்காது. வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லிடறேன்..." என்று மாமா தமிழில் தொடங்கினார். உண்மையைச் சொல்லிவிடத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அந்தப் பெண் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு இந்தியில் பேச ஆரம்பித்துவிட்டார். கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார் என்று நினைத்திருந்தேன். அவரோ நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார், காயும் நூலைப் பார்த்தபடி. நடுவில் ஓர் இடத்தில் குரல் தடுமாறியது. மறுபடி பேசினார். கடைசியாக மாமாவின் முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார். அது கேள்வி என்பது எனக்கே புரிந்தது.

மாமா என்னைப் பார்த்தார். நான் எத்தனை விரலைக் காட்டுவேன்?

"ஆங்" என்று தலையாட்டினார் மாமா.

பெண் அதையே இன்னொரு தடவை, மெதுவாகக் கேட்டார். மாமா இன்னும் பலமாகத் தலையாட்டி "ஆங்" என்றார். அந்தப் பெண் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொட்டகைப் பஞ்சு விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

உள்ளே போனதும், "நல்லா பேசுறாரு நைனா" என்றார் தன் அப்பாவிடம். அன்றைக்கே தட்டு மாற்றுவதற்கு நாள் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். அம்மா இரண்டாவது தடவை கேசரி வாங்கிச் சாப்பிட்டார்.

திரும்பும்போது பஸ்ஸில் மாமா என் காதோடு சொன்னார். "எனக்கு ஒரு எழுத்து புரியல பாப்பா. எம்மேல பாவப்பட்டு, பெத்த அப்பாகிட்டயே பொய் சொல்லிட்டுது அந்தப் பொண்ணு. என் மானத்தக் காப்பாத்திட்டுது." எனக்கும் அப்படித்தான் பட்டது. பரீட்சையில் ஒன்றும் எழுதாத பையனைப் போனால் போகிறதென்று பாஸ் போட்ட டீச்சர் என்று அவரை நினைத்துக்கொண்டேன்.

கல்யாணம் நடந்தது. அந்தப் பெண் எனக்கு அத்தை ஆனார். மாமனார் மாமாவை முதலில் தனியாகப் பிவண்டிக்கு அனுப்பினார். போன வேகத்தில் மாமா திரும்பி வந்தார். நூல் வியாபாரிகள் கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டி, வேண்டாத நூலை மூட்டை மூட்டையாக வாங்கி வைத்திருந்தார். மாமனார் ஊரைக் கூட்டினார். "எங்கிட்ட நல்லாத்தான் பேசினாரு நைனா" என்று அத்தை ஒரே பிடியாக நின்றார். தறிகளைப் பெரியவர் தன் அண்ணன் மகனிடம் ஒப்படைத்துவிட்டார். மாமாவும் அத்தையும் திருத்தணியிலேயே வாடகைக்கு வீடு பார்த்துக்கொண்டு குடித்தனம் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு மாமா நகரிக்குப் போகவில்லை. இருவரும் ரயிலேறிச் சென்னைக்குப் போய் இந்திப் படம் பார்த்துவிட்டு வருவார்கள். அத்தை காதருகே சொல்லச் சொல்ல மாமா கேட்டுக்கொள்வார். விமரிசனத்தில் பெயர், ஊர் எல்லாம் சரியாக வந்தன. பார்க்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். ராஜமுந்திரிக்காரர் இல்லாத படத்தை யார் கேட்கப்போகிறார்கள்? என் விரலுக்கும் வேலை போயிற்று.

மாமா அத்தையைத் தாங்கு தாங்கென்று தாங்குவார். துணி காயப்போடுவார், கடை விட்டு வரும்போது பூ வாங்காமல் வர மாட்டார், ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. சொந்தக்காரர்கள் பெண்டாட்டிதாசன் என்று கேலி செய்தால், "அவ எனக்குச் செஞ்சது உங்களுக்குத் தெரியாது" என்பார்.

டிப்ளமோ முடித்து எனக்குப் புனேயில் வேலை கிடைத்திருக்கிறது. நாலு வார்த்தை இந்தி கற்றுக்கொள்ளலாம் என்று போன மாதம் அத்தை வீட்டுக்குப் போய்த் தங்கியிருந்தேன். ஒரு சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது விளையாட்டாகத்தான் கேட்டேன், அன்று கொல்லையில் என்னதான் பேசினீர்கள் என்று.

அத்தை கீரையைக் கீழே வைத்தார்.

"பிவண்டியில வீடுன்னா தறிக்கு மேல ஒரு பலகை. ராத்திரியில கூட சத்தம் நிக்காது. அந்தப் பஞ்சுலயே இருமிகினு இருமிகினு எங்கம்மா செத்துப்போச்சு. அங்க திரும்பிப் போகவே கூடாதுன்னு இருந்தேன். நைனா பாத்த மாப்பிள்ளைங்க எல்லாம் நல்லா இந்தி பேசறவங்க. உங்க மாமா வீடியோவப் பாத்தேன். போலீஸ்காரன ராஜமுந்திரின்னாரு. சரி, இந்த ஆளுக்குச் சுத்தமா தெரியாது, நகரியில தெலுங்குல பாத்துட்டு வந்து சொல்றாருன்னு புரிஞ்சுபோச்சு. அன்னிக்குத்தான் எனக்குச் சோறு இறங்குச்சு."

"கொல்லையில இதத்தான் சொன்னீங்களா?"

"எல்லாத்தையும் சொன்னேன், எங்கம்மா போனது முதற்கொண்டு. உங்களால அங்க இருக்க முடியாது, திரும்பி வந்துடுவீங்க, நைனா திட்டுவாரு, எனக்காகத் தாங்கிக்குங்க, நான் உங்களக் கடைசிவரைக்கும் நல்லா பாத்துக்கிறேன்னு சொன்னேன்."

பாஸ் போடும் டீச்சர் என்று நான் நினைத்த பெண் அன்று அங்கே கையேந்தி நின்றிருக்கிறார். இரண்டடி தூரத்தில் நான் நூலின் கலரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

"தமிழ்லயே சொல்லியிருக்கலாமே அத்தை."

"வெக்கமா இருந்துச்சு. அதுவும் இல்லாம நீ பக்கத்துல நின்னுகினு இருந்தியே. அடுத்த வீடியோவுல சொல்லியிருப்ப."

வாசலில் மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டது.

"இத்தனை வருஷத்துல மாமாகிட்ட சொல்லவே இல்லையா?" என்று கேட்டேன்.

"அன்னிக்கே சொல்லிட்டேனே" என்றார் அத்தை. "சம்மதமான்னு ரெண்டு வாட்டி கேட்டேன். ரெண்டு வாட்டியும் ஆங்னாரு."